பழைய ஊர் மேட்டில் சமுதாயக்கூடம்: கடைக்கால் தோண்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர்: குளத்தங்கரை

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். குளத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஒரு மேடு இருக்கிறது. பெரியவர்கள் அதைப் ‘பழைய ஊர்’ என்பார்கள். ஆனால் அங்கே ஆள் குடியிருந்ததை அவர்களின் தாத்தாக்களும் கண்டதில்லை. அந்த இடத்தில்தான் சமுதாயக்கூடமும் சில கடைகளும் கட்டப் பஞ்சாயத்தில் பேச்சு நடக்கிறது. போன மாதம் தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தபோது, உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் கீழ்ப்பாதி சிவப்பாகவும் உள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கூடம் வேண்டாம் என்பதல்ல, எங்களுக்கு அது அவசியம். இயந்திரம் வருவதற்குள் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

பதில்: ஓட்டுச்சில்லு

நீங்கள் சொல்லும் கறுப்பு சிவப்பு ஓடுகள் பெருங்கற்காலத்திலும் (பெரிய கற்களை வைத்து ஈமச்சின்னம் எழுப்பிய காலம்) அதை அடுத்த நூற்றாண்டுகளிலும் பரவலாகப் புழங்கியவை. பாலக்காட்டுக் கணவாய் கொங்கு நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த வழி. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் குடியிருப்பும் ஈமக்காடும் அருகருகே கிடைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் மேடு குடியிருப்பா, புதைப்பிடமா என்பதே முதல் கேள்வி. சாம்பல் கலந்த மண், அம்மிக்கல், தக்களி, இரும்புக் கசடு ஆகியவை குடியிருப்பைக் காட்டும். இறந்தோரைப் புதைத்த, தடித்த விளிம்புடைய தாழி (மலையாளத்தில் நன்னங்காடி என்பார்கள்), புதைகுழியைச் சுற்றிய கல்வட்டம், அதன் மேல் வைத்த மூடுகல் ஆகியவை ஈமக்காட்டைக் காட்டும்.

தோண்டாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதி கொச்சி சமஸ்தானத்தில் இருந்ததால், பாலக்காடு சேர்ந்திருந்த பழைய மலபார் மாவட்டத்தின் ஆவணங்களோடு நின்றுவிடாமல் கொச்சியின் நிலப்பதிவுகளையும் தேடி, அந்தப் புலத்தின் பழைய பெயர் என்ன என்று பாருங்கள். பிறகு, உழுத நிலத்தில் ஒரு மழை பெய்து ஓடுகள் கழுவப்பட்டதும், கயிறு கட்டிப் பத்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்து நடந்து, சதுரத்துக்கு எத்தனை ஓடு என்று எண்ணிப் படமெடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் உட்சுவரையும் பாருங்கள். சாம்பல் பட்டை எத்தனை அடியில் ஓடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேற்பரப்பில் ஓடு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து, கீழே ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். குளத்து வண்டல் மூடியிருக்கலாம்.

மண்வெட்டி மட்டும் வேண்டாம். பாதுகாக்கப்படாத இடத்தில்கூட, தொல்லியல் நோக்கில் அகழ மாநில அரசே மத்திய அரசின் முன்ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது தொல்லியல் சின்னங்கள், இடங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்.

பதில்: பனங்காட்டான்

தொல்லியல் துறைக்கு எழுதினால் கட்டட வேலையே நின்றுவிடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் மனை பிரித்தபோதும் அந்தப் பயத்தால்தான் வாய்மூடி இருந்தோம். ஒரே பகலில் மூன்று தாழிகள் நொறுங்கின, ஒப்பந்தக்காரர் அன்றிரவே குழியை மூடிவிட்டார். இன்றுவரை எனக்கு அது உறுத்தல்தான்.

பதில்: ஓட்டுச்சில்லு

அந்தப் பயத்துக்குக் காரணமான 100 மீட்டர் தடைப் பகுதியும் (கட்டடம் கட்டக் கூடாத பகுதி) அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியும் (அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி) மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி மட்டுமே பொருந்தும். அறிவிக்கப்படாத ஒரு மேட்டுக்கு அவை தாமாக வந்துவிடா. மாநிலத் தொல்லியல் துறைக்குப் படங்களோடும் புல எண்ணோடும் எழுதுங்கள். நாணயமோ நகையோ கிடைத்தால், கேரளத்தின் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று: தூண் குழிகளைவிட மேட்டைச் சமப்படுத்துவதே பேரழிவு. தூண் குழி சில இடங்களைத்தான் துளைக்கும். சமப்படுத்தினால் எல்லா அடுக்கும் கலைந்துவிடும். கூடத்தை ஓடு குறைந்த ஓரத்துக்கு நகர்த்தி, வண்டி நிறுத்துமிடத்தை வெட்டாமல் மண் கொட்டி உயர்த்தினால், கூடம், மேடு இரண்டும் பிழைக்கும்.

கேட்டவர்: குளத்தங்கரை

நன்றி ஐயா. நேற்று தெற்குக் கிணற்றில் இறங்கிப் பார்த்தோம். நான்கடி ஆழத்தில் ஒரு முழ உயரத்துக்குச் சாம்பல் பட்டை, அதில் ஓடுகள். மேற்குக் கிணற்றில் வெறும் செம்மண். வரைபடத்தை மேற்கே தள்ளிப் போடும்படி வார்டு உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறோம். துறைக்குக் கடிதம் நாளை போகிறது.