பழைய பிளாட்டை இடித்துக் கட்டும் பேச்சு: உங்கள் கட்டடத்தில் என்ன நடந்தது?

மந்தைவெளி, சொந்த பிளாட்

எங்கள் கட்டடம் 1986ல் கட்டியது. மூன்று மாடி, 12 வீடு, லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு தூண்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்ததிலிருந்து, இடித்துக் கட்டலாமா, பூசி மெழுகி ஓட்டலாமா என்று அசோசியேஷனில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. பில்டர்கள் வருகிறார்கள், ஆளுக்கொரு பிளான் காட்டுகிறார்கள், போகிறார்கள். நான் செயலாளர் என்பதால் எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அதை இங்கே எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் "வயசானவங்க பிடிவாதம், அதனாலதான் பழைய பிளாட்டெல்லாம் அப்படியே கிடக்குது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் புது வீடு வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் மாமிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டி முடிக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும்கறே, அதுவரைக்கும் எனக்கு யாருப்பா வீடு கொடுப்பா?" பில்டர் மாத வாடகை தருவார், சரி. ஆனால் தனியாக இருக்கும் எண்பது வயதுப் பெண்மணிக்கு வீடு விட இந்த ஏரியாவில் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். அவருக்காகச் சில இடங்களில் நானே விசாரித்தேன், "கூட யார் இருக்கா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அவருடைய டாக்டர், மருந்துக் கடை, பால் போடுகிறவர், சமையலுக்கு வரும் அம்மா எல்லாம் இந்த நாலு தெருவுக்குள் இருக்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு மூட்டு வலி, லிஃப்ட் வந்தால் போதும், நாளைக்கே இடிக்கச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் இரண்டு உரிமையாளர்கள் வாட்ஸ்அப்பில் புதுக் கட்டடத்தில் நமக்கு எத்தனை சதவீதம், பில்டருக்கு எத்தனை என்று மட்டும் கேட்கிறார்கள். இதற்கு நடுவில் எல்லார் பத்திரத்தையும் எடுத்து யூடிஎஸ்ஸை, அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கை, கூட்டிப் பார்த்தால் மனையின் மொத்த அளவுக்கு வரவில்லை, அந்தக் காலத்தில் கட்டியவர் ஒரு பங்கைத் தன் பெயரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

முன்பெல்லாம் ஒருவர் மறுத்தால்கூட எல்லாம் நின்றுவிடும். 2022ல் கொண்டுவந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எங்கள் 12ல் எட்டு பேர். இது தேவையான சட்டம்தான், ஆனால் இது வந்த பிறகு மீதி நாலு பேரிடம் உட்கார்ந்து பேசும் பொறுமை குறைந்துவிட்டது. "எட்டு வந்தாச்சே, அப்புறம் என்ன?" என்று கூட்டத்திலேயே கேட்கிறார்கள்.

திருவான்மியூர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்

செயலாளர் சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் நிலைமையைப் பில்டரின் ஆளை வைத்துப் பார்க்காதீர்கள். அசோசியேஷன் தன் காசில் ஓர் இன்ஜினியரை வைக்க வேண்டும். கட்டடம் செத்துவிட்டது என்று சொல்வதில் பில்டருக்கு லாபம் இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்று சொல்வதில் காசு செலவழிக்க விரும்பாத சில உரிமையாளர்களுக்கு லாபம் இருக்கிறது.

கடலோரத்தில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கும். அந்தக் காலத்தில் பல இடங்களில் உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீரையே கலவைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால், துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. அதன்மேல் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்தால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரீபவுண்ட் சுத்தியலால் மேற்பரப்பின் உறுதியைப் பார்ப்பது, அல்ட்ராசானிக் ஒலி அலையை உள்ளே அனுப்பிப் பார்ப்பது, சந்தேகம் உள்ள இடத்தில் கான்கிரீட்டைத் துளைத்து உருளையாகக் கோர் எடுத்து அழுத்திப் பார்ப்பது, கம்பியில் துரு எந்த அளவுக்கு ஓடுகிறது என்று அளப்பது, இவ்வளவும் செய்த பிறகுதான் ரிப்பேரா இடிப்பா என்று பேச முடியும். பெயர்ந்த பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவை நீக்கி, பூச்சு கொடுத்து, மைக்ரோ கான்கிரீட் போட்டு, தேவைப்பட்டால் தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டு ஜாக்கெட்டிங் செய்தால் இன்னும் பல வருடம் நிற்கும் கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். இடித்தே ஆக வேண்டியவையும் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று, தெரு அகலத்தை அளந்து பாருங்கள். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5லிருந்து 2 ஆனது, அதற்கு மேல் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்க 30 அடிச் சாலையாவது வேண்டும். உங்கள் கட்டடம் 1.5ஐயும் அப்போதே முழுசாகக் கட்டியிருந்தால், குறுகிய தெருவில் பில்டருக்கு விற்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்புறம் உங்கள் வீட்டின் அளவில்தான் கை வைப்பார்கள்.

புதுசு என்றாலே உறுதி என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் விழுந்து 61 பேரைக் கொன்றது கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம். எந்த மண்ணில், யார் மேற்பார்வையில் கட்டப்போகிறார்கள் என்பதைச் சதவீதத்துக்கு முன்னால் கேளுங்கள்.

நங்கநல்லூர், வாடகைக்கு இருப்பவர்

உரிமையாளர்கள் பேசுகிறீர்கள், நான் வாடகைக்காரர் பக்கத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருந்த பிளாட்டில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். உரிமையாளர்கள் கூட்டம் போட்டு, வாக்கெடுத்து, பில்டரிடம் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருநாள் வாட்ச்மேன் வந்து சொன்னார். பள்ளிக்கூட வருஷம் நடுவில், பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு வாக்கு இல்லை, அது நியாயம்தான், வீடு எங்களுடையது இல்லை. ஆனால் ஆறு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தூணில் விரிசல் வந்ததை முதலில் பார்த்துச் சொன்னதே நாங்கள்தான், அங்கே குடியிருந்தவர்கள் நாங்கள். செயலாளர் ஐயா, உங்கள் 12 வீட்டில் வாடகைக் குடும்பம் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

வடசென்னை, அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்

நீங்கள் எல்லாரும் பத்திரம் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கதை வேறு.

எழுபதுகளில் கட்டின மாடி வீடு. 200 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டும், ஒரே அறை, மழை வந்தால் கூரையில் இருந்து சிமெண்ட் கட்டி விழும். என் தங்கை தூங்கிக்கொண்டிருந்த பாயின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. ஆபத்து எங்களுக்குத் தெரியாதா? 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடு இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்களே எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்ததால் உயிர் போகவில்லை. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் மேலே இருந்து ஜன்னல் சிலாப் விழுந்து ஒரு இளைஞர் செத்தே போனார். இதெல்லாம் எங்கள் ஆட்கள் வாயில் தினமும் இருக்கிற செய்தி.

அப்படியும் அதிகாரிகள் காலி பண்ணச் சொல்லி வந்தபோது எங்கள் பிளாக்கில் பெண்கள் கீழே இறங்கி மறித்தார்கள், என் அம்மாவும் அதில் இருந்தார். டிவியில் "இடியும் நிலையில் வீடு, வெளியேற மறுக்கும் மக்கள்" என்று போட்டார்கள். ஏன் மறுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். என் சித்தி பெரும்பாக்கத்தில். ராயபுரத்தில் மீன் ஏலத்துக்குப் போனவர், அங்கே போன பிறகு விடிகாலை பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும். தொழிலையே விட்டுவிட்டார். "கட்டி முடிச்சதும் இதே இடத்துல உங்களுக்குத் தருவோம்" என்று அதிகாரி வாயால் சொன்னார், என் அம்மா "அதை எழுதிக் கொடுங்க சார், சாவியைக் கொடுத்துடறேன்" என்றார். அவ்வளவுதான் போராட்டம்.

வெளியில் தங்கக் கொடுக்கும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாய், பிறகு 24,000 ஆக்கினார்கள். உயர்த்தியது நல்லதுதான். ஆனால் மாதம் 5,000க்கு ஒரு சின்ன வீடு பிடித்தாலும் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும், அட்வான்ஸ் தனி. கட்டி முடிக்க ஐந்து மாதமா ஆகிறது? அடுத்தது, ஒதுக்கீடு அட்டை ஒன்று, தாத்தா பெயரில். உள்ளே மூன்று குடும்பம். புது வீடு 400 சதுர அடி என்றாலும் ஒரு அட்டைக்கு ஒரு வீடுதான். அண்ணன் தம்பி சண்டை கட்டடம் எழும்புவதற்கு முன்னாலேயே எழும்பிவிடும். கைமாறி வாங்கின குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

புது வீடு எப்படி இருக்கும் என்ற பயமும் சும்மா வந்தது இல்லை. புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவில் புதிதாகக் கட்டிய 864 வீடுகளில் 2021ல் கை வைத்தால் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. ஐஐடி ஆட்கள் வந்து சோதிக்கும் அளவுக்குப் போனது.

எங்கள் பிளாக்கில் கடைசியில் எழுதித்தான் கொடுத்தார்கள், வீட்டு எண் போட்டு, பெயர் போட்டு. அடுத்த வாரமே எல்லாரும் காலி பண்ணிவிட்டோம். மறித்த அதே பெண்கள்தான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார்கள்.

மும்பை, செம்பூர்

எழுத்தில் இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று வடசென்னை நண்பர் சொன்னது இங்கேயும் அப்படியேதான். நாங்கள் இருப்பது பழைய கூட்டுறவு சொசைட்டி, பாதி பேர் தமிழர்கள், மீதி மராட்டியர், குஜராத்தியர். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 79ஏ பிரிவின்கீழ் மறுகட்டுமானத்துக்கு அரசு வழிமுறையே போட்டிருக்கிறது. பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் பதிவாளர் அலுவலகத்தில் இருந்து ஆள் வர வேண்டும், முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். 2019ல் சம்மதத்தை 51 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். இதை எதிர்த்த மூத்தவர்கள்கூட, வீடியோ இருக்கிறது என்றதும் எழுந்து பேசினார்கள், ஏனென்றால் கேட்டது பதிவாகும், பதிலும் பதிவாகும்.

எங்கள் முதல் பில்டர் ஒரு வருடம் வாடகை கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். அஸ்திவாரம் போட்ட குழியில் தண்ணீர் நின்றது. வீட்டை இழந்தும் வாடகை கட்டியும் என் மாமனார் அந்த வேலியோரம் தினமும் போய் நின்றுவிட்டு வருவார். பில்டர் சொன்னபடி செய்யாவிட்டால் வங்கியே பணம் தரும் என்ற வங்கி உத்தரவாதம் வாங்கி வைத்திருந்ததால்தான் அவரை விலக்கிவிட்டு வேறு ஆளைப் போட முடிந்தது. செயலாளர் சார், அது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள், வீட்டில் இருக்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

நல்லதும் நடக்கிறது. வொர்லியில் வெள்ளைக்காரன் காலத்து பிடிடி சால்கள் என்ற ஒற்றை அறைக் குடியிருப்புகளில் 160 சதுர அடி அறையில் மூன்று தலைமுறை இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் முதல் தொகுதியாக 556 குடும்பங்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீட்டின் சாவி கொடுத்தார்கள். என்னோடு வேலை செய்பவர் அதில் ஒருவர். சந்தோஷம்தான், ஆனால் இத்தனை மாடிக்கு லிஃப்ட், பம்ப், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு இருக்கிறது.

அசோக் நகர், ரிப்பேர் செய்தவர்கள்

நாங்கள் இடிக்கவில்லை. சோதித்துப் பார்த்ததில் தூண்கள் தாங்கும் என்று வந்தது, மொட்டை மாடியும் பாத்ரூம் பைப்புகளும்தான் கெட்டிருந்தன. காசு பிரிப்பதில்தான் பெரிய சண்டை. மொட்டை மாடி ஒழுகினால் எனக்கென்ன என்று தரைத்தளத்தார், சம்ப் வெடித்தால் எனக்கென்ன என்று மேல்மாடியார். கடைசியில் சதுர அடிக் கணக்கில் பிரித்தோம், முடியாத இரண்டு குடும்பத்துக்குத் தவணை. வேலை நடந்தபோது யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை, அதுவே பாதி எதிர்ப்பைக் கரைத்துவிட்டது.

மந்தைவெளி, சொந்த பிளாட்

எல்லாருக்கும் நன்றி. வாடகைக்காரர் கேட்டதற்குப் பதில்: ஐந்து குடும்பங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிட்டோம், பள்ளி முடிந்து ஏப்ரலுக்குப் பிறகுதான் காலி செய்வது என்று தீர்மானம் எழுதியாயிற்று. அசோசியேஷன் காசில் நாங்கள் வைத்த இன்ஜினியரின் சோதனை முடிவில் இடிப்பதுதான் வழி என்று வந்துவிட்டது, நான்கு தூண்களில் கம்பியே பாதி இல்லை. அதுவரை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பில்டரிடம் கொடுத்த வரைவில் வங்கி உத்தரவாதத்தைச் சேர்த்தோம், பேரம் பேசினாலும் ஒத்துக்கொண்டார். மாமிக்காக ஒரு பிரிவு போட்டிருக்கிறோம்: எழுபது வயது தாண்டிய யாருக்கும் வாடகைப் பணமாகக் கொடுக்காமல், இதே பகுதியில் தரைத்தள வீட்டைப் பில்டரே தன் பெயரில் பிடித்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் அங்கே குடியேறிய பிறகே மற்றவர்கள் காலி செய்வோம். இதற்கு மட்டும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் வராமல் கையெழுத்து இல்லை என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அமெரிக்காவில் இருக்கும் ஒருவரும் அதில் சேர்ந்திருக்கிறார்.