கணிதத்திலிருந்து கணினித் துறைக்கு வந்த ஆசிரியர் கல்லூரி முதல்வராக விண்ணப்பித்தால் எங்கே இடிக்கும்? மூன்று ஊர்க்காரர்களின் பதில்கள் இதோ.

காரைக்குடியிலிருந்து:
2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி கல்லூரி முதல்வர் பதவிக்கு முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், 10 கட்டுரை, 110 ஆராய்ச்சி மதிப்பெண் வேண்டும். கணிதக்காரர்கள் மாட்டிக்கொள்வது அந்த 110இல்தான்.

அறிவியல் கட்டுரைக்கு அடிப்படை 8. இதழின் தாக்கக் காரணி (அதன் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அளவு) 1க்குக் கீழ் என்றால் (நல்ல கணித இதழ்கள் பலவும் அப்படித்தான்) இன்னும் 10, ஆக 18. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், 12.6. மூவர் என்றால் முதல் ஆசிரியருக்கும், இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கும்தான் 70; மற்றவருக்கு 30 சதவீதம், வெறும் 5.4.

கணிதத்தில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவது மரபு. அண்ணாமலை, லட்சுமணன், வள்ளியப்பன் சேர்ந்து எழுதினால், தேற்றத்தை நிறுவியது வள்ளியப்பனே ஆனாலும் பெயர் கடைசியில்தான் வரும். 5.4 வீதம் 110ஐத் தொட அவருக்கு 21 கட்டுரை வேண்டும். இது பெரிய அநியாயம். இதழுக்கு அனுப்பும்போதே தொடர்பு ஆசிரியர் யார் என்று பேசி முடிவுசெய்யுங்கள். முதல் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் மின்னஞ்சலும் யார் பெயரோடு அச்சாகிறதோ, தேர்வுக்குழு அதைத்தான் பார்க்கும்.

தேவகோட்டையிலிருந்து:
கணினிப் பக்கம் வேறு சிக்கல். அங்கே நல்ல ஆய்வு முதலில் மாநாட்டில்தான் வரும். ஆனால் இந்த விதியில் மாநாட்டுக் கட்டுரைக்கு வெளிநாட்டில் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3. அந்த வகை மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மாநாட்டில் வந்ததை விரிவாக்கி இதழுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

இன்னொன்று: ஆராய்ச்சி மதிப்பெண் தரும் ஆறு வகையில் குறைந்தது மூன்றிலாவது மதிப்பெண் இருக்க வேண்டும். கட்டுரை மட்டும் குவித்தவர் இங்கே தடுக்கி விழுவார். நெறிப்படுத்திய மாணவர் முனைவர் பட்டம் பெற்றால் 10, இணை நெறியாளர் இருந்தால் ஆளுக்கு 7. புத்தகம், இணையவழிப் பாடம் என்று இன்னொரு வகையையும் சேர்த்துவையுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:
மேலே சொன்னதெல்லாம் கலை அறிவியல் கல்லூரிக்கு. பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக்கு பி.இ., எம்.இ. கேட்பார்கள். எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர் கணினியில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் அறிவியல் மற்றும் மானுடவியல் துறையில்தான் இருப்பார். வேலையில் சேருவதற்கு முன்பே நியமன ஆணையில் எந்தத் துறை என்று போட்டிருக்கிறது, பாருங்கள்.