நாற்குரல் காஸ்பெல் கச்சேரிகளில் கண்டவை: அனுபவப் பகிர்வு

பர்மிங்ஹாம்வாசி:
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பெஸ்ஸமரில் நடந்த கட்டணக் கச்சேரி அது; நால்வர் நான்கு குரல்களில் சேர்ந்து பாடும் காஸ்பெல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டு. பாட்டைவிட, முடிந்தபின் வாசலில் நடந்ததுதான் இன்னும் மனத்தை உறுத்துகிறது. வெளியூர்க் குழுவின் பாஸ் (தாழ்ந்த குரல்) பாடகர், வியர்வையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் டிக்கெட் மேசையருகே நின்றிருந்தார். ஏற்பாட்டாளர் நோட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணி, கூட்டம் குறைவு என்று சொல்லிப் பேசிய தொகையில் பாதியை நீட்டினார். சற்றுமுன் பலகைத் தரையையே அதிரவைத்த அந்தக் குரல், “சரி ஐயா” என்பதோடு நின்றுவிட்டது.

இரவுப்பாட்டு ரசிகர்:
ஒருவர் செய்ததற்காக எல்லா ஏற்பாட்டாளர்களையும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 1910இல் டென்னசியின் லாரன்ஸ்பர்கில் பதிப்பாளர் ஜேம்ஸ் டி. வான், தம் பாட்டுப் புத்தகங்களை விற்பதற்காக நால்வர் குழுவொன்றை ஊர் ஊராக அனுப்பியிருக்காவிட்டால், வெள்ளையர் சபைகளில் இந்தப் பாணி இவ்வளவு பரவியிருக்குமா? 1948இல் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் ஏற்பாட்டாளர் வாலி ஃபவுலர் குழுக்களை விடிய விடியப் பாடவைத்தாரே, கைக்காசைப் போட்டுத் துணிய ஆள் இல்லாமல் அது நடந்திருக்காது. நான் போன இரவுக் கச்சேரியில் டெனர் (உயர்ந்த குரல்) பாடகர் ஒருவர் குறுந்தகடு விற்றுக்கொண்டிருந்தார். மேடையில் வேறொரு குழுவின் பாட்டு உச்சத்தைத் தொட்டதும், எனக்குத் தர வேண்டிய சில்லறையைக் கையில் பிடித்தபடியே கண்மூடி நின்றுவிட்டார்.

மெம்ஃபிஸ் மாமா:
வானையும் ஃபவுலரையும் வைத்துப் பெஸ்ஸமரை அளக்க முடியாது. அங்கே 1920களில் பாடியவர்களில் பலர் சுரங்கங்களிலும் எஃகு ஆலைகளிலும் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள். பயிற்றுநர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே திருத்திய பிறகே நால்வரையும் சேர்த்துப் பாடவைப்பார். நிறப்பாகுபாட்டுக் காலத்தில் வெள்ளையர் விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடையாது; சபையார் வீடுகளில் தங்கினார்கள். ஏற்பாட்டாளர் கைவிரித்தால் ஊர் திரும்பப் பெட்ரோலுக்கே திண்டாட வேண்டியதுதான். நான் பார்த்த, ஒரு குழு தனக்கே நடத்திய ஆண்டுவிழாவிலோ ஏற்பாட்டாளரே இல்லை. யார் யார் வந்து பாடினார்கள் என்று ஓர் அம்மாள் மொய் நோட்டுப் போல எழுதிக்கொண்டிருந்தார். வந்து பாடிய குழுக்களின் விழாவுக்கு விழா நடத்தியவர்களும் போய்ப் பாடித்தான் அந்தக் கடனைத் தீர்ப்பார்களாம்.

இனிப் போகிறவர்கள் குறுந்தகட்டைப் பாடியவர் கையிலிருந்தே வாங்குங்கள். காணிக்கைத் தட்டு வந்தால், அது எந்தக் குழுவுக்கு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முன்வரிசையைச் சபை மூப்பர்களுக்கு விட்டுவிடுங்கள். பாட்டு முடிந்தது என்று அவசரப்பட்டு எழாதீர்கள். மற்ற மூவரும் ஒரே சொல்லைப் பிடித்துத் தாளமாக்க, லீட் (முதன்மை) பாடகர் அதன்மேல் ஏறி மறுபடியும் தொடங்கிவிடுவார், அது எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.