முட்டமா, மணப்பாடா? போர்க்கப்பல் பார்க்க இடம் சொல்லுங்க

சேலத்திலிருந்து நாலு பேர் கிளம்புறோம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டமா, தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடா என்று கடற்கரைக்காரங்க வழி சொல்லணும். ராமர் பாலம் பக்கம் ஆழம் போதாது. அதனால் கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம் போகும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். ராமர் பாலத்துக்கு வடக்கே இருக்கும் தரங்கம்பாடியை அதனாலேயே விட்டாச்சு.

உயரம்தான் முக்கியம். கண் மட்ட உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். மணலில் நின்றால் நாலரைதான். 25 மீட்டர் பாறையில் சுமார் 18. கப்பலின் 25 மீட்டர் கொடிமரத்துக்கு இன்னொரு 18 சேரும். ஆனால் அது கொடிமர நுனிக்கு மட்டும். உடல் அடிவானத்துக்குக் கீழேதான்.

கையில் 10x42 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.). ஏற்காட்டில் பறவைக்குச் சரி, கடல் காற்றில் ஆடும். ஸ்டாண்டு எடுத்து வர்றோம். ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் கருவி) ஆப்பை நம்ப முடியாது, போர்க்கப்பல்கள் அதை அணைத்துவிட்டுப் போவது சகஜம். பக்கவாட்டு எண்தான் அடையாளம்: டி என்றால் டெஸ்ட்ராயர் (பெரிய போர்க்கப்பல்), எஃப் என்றால் ஃப்ரிகேட் (பொதுவாக அதைவிடச் சிறியது).

மணப்பாடு கிழக்கே பார்த்தது, காலையில் எதிர்வெயில். கப்பல் வெறும் நிழலாகத்தான் தெரியும், எண் படிக்க முடியாது. முட்டம் தென்மேற்கே பார்த்தது, காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதனால் காலைக்குத் தோது என்று படுகிறது. அங்கே பாறைமேல் ஸ்டாண்டு வைக்க விடுவாங்களா? எந்த மாசம் கடல்புகை குறைவு? கேமரா கொண்டு வந்தால் கடலோரக் காவல் போலீஸில் முன்கூட்டியே சொல்லணுமா?