அட்வான்ஸ் உள்ள கேன், அட்வான்ஸ் இல்லாத பாட்டில்

வடசென்னை வியாசர்பாடியில் கேன் தண்ணீர் விநியோகிப்பவர்:

பதினான்கு ஆண்டுகளாக வியாசர்பாடியிலும் எருக்கஞ்சேரியிலும் வீடுகளுக்கு 20 லிட்டர் கேன் போட்டு வருகிறேன். கூடவே பெட்டிக்கடைகளுக்கு ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களும் கொடுக்கிறேன். காலையில் இரண்டும் ஒரே வண்டியில்தான் போகின்றன. மாலையில் வண்டி திரும்பும்போது அதில் காலிக் கேன்கள் மட்டுமே இருக்கும். பல ஆண்டுகளாக இது என் கண்ணில் உறுத்தவே இல்லை என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

உறுத்த வைத்தது 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல். தெருவில் வெள்ளம் வடியாமல் நின்ற நாட்களில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியவில்லை. லாரி லாரியாக நிவாரணப் பாட்டில்கள் வந்திறங்கின. நானும் கிடங்கில் இருந்த பெட்டிகள் அத்தனையையும் கொடுத்தேன். முழங்கால் நீரில் கைக்குழந்தையுடன் நின்று தண்ணீர் வாங்கியவர்களிடம், காலிப் பாட்டிலைப் பத்திரப்படுத்துங்கள் என்று யார் சொல்ல முடியும்? சில வாரங்கள் கழித்து, கேப்டன் காட்டன் கால்வாயில் தூர் வாரிக் கரையில் குவித்திருந்த சேற்றில் நான் கொடுத்த அதே நீல லேபிள்களைப் பார்த்தேன். அந்தச் சேறு அள்ளப்படும் முன்பே அதில் ஒரு பகுதி மீண்டும் கால்வாய்க்குள் சரிந்துவிட்டது.

அன்றிரவு கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் கேன் கொடுக்கும்போது 150 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறோம். வீடு காலி செய்பவர்கள், சாமான் ஏற்றிய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டாவது கேனைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். கேன் தொலைந்தால் நஷ்டம் என்னுடையது என்பதால் நானும் விடுவதில்லை. பாட்டிலின் மேல் யாருடைய பணமும் இல்லை. ஆகவே அதைத் தேடுவாரும் இல்லை. நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். மலைக்காட்டில் யானையின் காலைக் கிழிக்கும் கண்ணாடிக்குச் செய்ய முடிந்ததைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குச் செய்து பார்த்தவர்கள் இங்கே இருந்தால், தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொடுங்கையூரில் காயலான் கடை வைத்திருப்பவர்:

யாருடைய பணமும் இல்லை என்று நண்பர் எழுதியது முழுக்கச் சரியல்ல. என் பணம் இருக்கிறது; ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் எடை ஏறத்தாழ 20 கிராம். ஒரு கிலோ சேர 50 பாட்டில் பொறுக்க வேண்டும். சந்தை நன்றாக இருக்கும் மாதத்தில் கிலோவுக்கு 20 ரூபாய் கொடுக்கிறேன். அதாவது, நீங்கள் 20 ரூபாய் கொடுத்துக் குடித்த பாட்டிலுக்காகக் குனிந்து நிமிரும் பெண்ணுக்குக் கிடைப்பது 40 காசு. 300 மில்லி பாட்டில் என்றால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ இருமடங்கு முறை குனிய வேண்டும்; விலை தாழ்ந்த மாதங்களில் அதை அவர்கள் தொடுவதே இல்லை. சுமார் 340 ஏக்கர் குப்பைக் கிடங்கை அடுத்து வாழ்கிறோம். இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை அங்கே நடக்கிறது; மண்ணுக்குள்ளிருந்து வரும் பாட்டில் எங்களுக்கு உதவாது, அழுக்கேறி நாறிப்போயிருக்கும். மண்ணுக்குள் போகும் முன் கையில் கிடைப்பதுதான் சரக்கு.

அந்தச் சரக்கையும் கெடுப்பது எது என்பதைத் தண்ணீர் வியாபாரத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர்ப் பாட்டில் செய்யப்படும் பிளாஸ்டிக்கின் பெயர் பெட் (PET). அதைத் தூளாக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கும். மூடி வேறு பிளாஸ்டிக், அது மிதக்கும். எனவே மூடியைப் பிரிப்பது எளிது. ஆனால் சில பாட்டில்களின் மேல் சட்டைபோல இறுக்கி மாட்டப்படும் பி.வி.சி. என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் உறை, பெட்டுடன் சேர்ந்தே மூழ்கிவிடும். உருக்கும்போது அந்தச் சிறு துணுக்கே முழுச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும் என்று சொல்லி ஆலைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள். ஆகவே கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து கத்தியால் உறை கிழிப்பதே வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேபிள் கிழியாத முழுப் பாட்டில்களை எடைக்கு அல்லாமல் எண்ணிக்கைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். எதற்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை; கண்ட தண்ணீரை நிரப்பி மீண்டும் விற்கத்தான். அதன் பிறகு, நசுக்காத பாட்டிலை நான் தராசில் ஏற்றுவதில்லை.

காசிமேட்டிலிருந்து, விசைப்படகுத் தொழிலாளி:

எங்கள் அனுபவம் சிறியது. ஒரு வாரத்துக்கு மேல் கடலில் தங்கும்போது தண்ணீர்க் கேனும் பாட்டிலும் ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். காலியானதைக் கடலில் வீசுவது பழக்கமாகவே இருந்தது. மூடி போட்ட பாட்டில் மிதந்து கரை சேரும். மூடியில்லாதது நீர் நிரம்பி அடியில் போய், இன்னொரு நாள் எங்கள் வலையின் மடியிலேயே மீனோடு மீனாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அப்போது வலை சீர் செய்கையில் கிழிந்த துண்டுகளைக் கொண்டு ஒரு பெரிய பை தைத்து, பின்பக்கத்தில் கட்டினோம். நிரம்பிய பையைக் கரையில் விற்று வரும் காசு டீச் செலவுக்கு ஆகிறது. பக்கத்துப் படகினர் முதலில் கேலி செய்தார்கள். இப்போது அவர்களிடமும் ஒரு பை தொங்குகிறது.

மாதவரத்தில் வசிப்பவர், முன்பு பாட்டில் தண்ணீர் நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டில் பணியாற்றியவர்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். கொடுங்கையூர் நண்பர் குறிப்பிட்ட அந்த உறையை எங்கள் நிறுவனத்தில் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கடை அலமாரியில் பளிச்சென்று தெரியும் என்பதே அன்று பேசப்பட்ட ஒரே காரணம். குடித்து முடித்த பின் அதை யார் கிழிப்பார் என்ற கேள்வி எவர் வாயிலிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தும்தான்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. 2022-இல் செய்த திருத்தத்தின்படி, பிளாஸ்டிக்கைச் சந்தையில் இறக்கும் நிறுவனம் தனக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவுக்கு மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் காட்ட வேண்டும். நாங்கள் காட்டினோம், ஒரு கிலோ குறையவில்லை. சான்றிதழை விற்ற ஆலை வேறு மாநிலத்தில் இருந்தது. எங்கோ ஒரு கிலோ உருகினால் இங்கே விற்ற ஒரு கிலோ கணக்கிலிருந்து கழிந்துவிடும். எங்கள் மதில் சுவரை ஒட்டிய வடிகாலில் எங்கள் பாட்டில்களே அடைத்துக் கிடந்த ஆண்டில்கூட, காகிதத்தில் நாங்கள் பொறுப்பை முழுமையாக நிறைவேற்றியவர்கள். சட்டத்தை மீறவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

மற்றொரு செய்தி இங்கே மற்றவர்கள் எழுதியதைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. பாட்டிலின் கழுத்தைக் குட்டையாக்கி, சுவரை மெலிதாக்கி, சில கிராம் பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தினோம். அதைச் சுற்றுச்சூழல் சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுதியதும் நான்தான். பிளாஸ்டிக் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு கிலோ சேர்க்க 50 முறை குனிந்தவர் இனி 60, 70 முறை குனிய வேண்டும் என்பதும், அதனால் மெல்லிய பாட்டில் தெருவிலேயே விடப்படும் என்பதும் அன்று யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் புதிய பாட்டிலில் பழைய பிளாஸ்டிக்கையும் கலந்தாக வேண்டும்; 2025–26-க்கு 30 விழுக்காடு, 2028–29-க்கு 60 விழுக்காடு என்பது விதி. உணவுக்கேற்ற தரத்தில் அவ்வளவு பழைய பெட் வேண்டுமென்றால், சுத்தமான காலிப் பாட்டிலுக்கு நிறுவனங்களே அலைய வேண்டிவரும். அப்போதாவது அந்த 40 காசு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து, மண்டப மேலாளர்:

300 மில்லி பாட்டில்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். மணமக்கள் படம் அச்சிட்ட லேபிளுடன் இலைக்கு ஒன்றாக வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் தன் பாட்டில் எது என்று தெரியாமல் அடுத்ததைத் திறக்கிறார்கள். பந்தி முடிந்ததும் பாதித் தண்ணீருடன் அத்தனையும் இலையோடு சுருட்டப்பட்டு, சாம்பார் படிந்து போகின்றன. எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம் என்றேன். “சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்று பெண்ணின் தந்தை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வியாசர்பாடி விநியோகஸ்தர் மீண்டும்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நான் மூன்று டீக்கடைகளில் சோதனை செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 2 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவது என்று ஏற்பாடு. பத்தே நாளில் தெருப் பிள்ளைகள் எங்கிருந்தோ யார் யாருடைய பாட்டிலையோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்து நின்றதால், என்னுடையவற்றின் மூடியில் சிவப்பு மை வைக்க வேண்டியதாயிற்று. சில்லறைத் தொல்லை தாங்காமல் ஒரு கடைக்காரர் விலகிவிட்டார். மற்ற இரண்டிலும் பாதிக்கு மேல் திரும்பி வருகின்றன.

கொடுங்கையூர் அண்ணாச்சிக்கு: நான்கு சாக்கு சேர்ந்திருக்கிறது. தண்ணீரை வடித்து, லேபிளைக் கிழித்து, மூடியைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், நசுக்கியும் விட்டேன். கடை என்றைக்கு விடுமுறை என்று சொன்னால் அந்த நாளைத் தவிர்த்துக் கொண்டுவருகிறேன்.