3770கே-க்கு 240 லிக்விட் கூலர் போட்டேன்: சூடு தேங்கி நின்ற இடம் வேறு

என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7 3770கே, இசட்77 போர்டு. 2012ல் வந்த ப்ராசசர். பல வருடமாக 4.5 கிகாஹெர்ட்ஸில், 1.28 வோல்ட்டில் ஓட்டுகிறேன். நான் விளையாடும் கேம்களுக்கு இன்றும் போதும், அதனால் மாற்ற மனமில்லை. ஆனால் சிப்பை முழுச் சுமையில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டால் கோர்கள் 94, 95 டிகிரியில் போய் நிற்கும். இந்தச் சிப்பின் வரம்பு 105. இவ்வளவு நெருக்கத்தில் வைத்து ஓட்டப் பயமாக இருந்தது. சரி, சிப்பின் சூட்டைத் தண்ணீர் எடுத்துப்போய் ரேடியேட்டரில் ஆற்றும் லிக்விட் கூலிங்குக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

எந்த அளவு வாங்குவது என்பதற்கு முதலில் கணக்குப் போட்டேன். சிப் வெளிவிடும் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். 1.1 வோல்ட்டிலிருந்து 1.28க்கும், 3.7லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஏற்றினால் மொத்தம் 1.6 மடங்குக்கு மேல் வருகிறது. 77 வாட் என்று போட்டிருக்கும் சிப் 125 வாட்டைத் தாண்டும். ஒரே ஃபேன் உள்ள 120 மிமீ ரேடியேட்டரில் சமாளிக்கலாம், ஆனால் ஃபேன் கத்தும். அதனால் இரண்டு ஃபேன் உள்ள 240 மிமீ எடுத்தேன்.

பழைய கேபினட்டில் அதைப் பொருத்துவதுதான் பெரிய வேலை. மேலே இடமே இல்லை. முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றினேன். ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, ஆக 52 மிமீ. கிராஃபிக்ஸ் கார்டின் நுனி வரை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், நான் அளந்ததால் தப்பித்தேன். போர்டில் சிப் உட்காரும் சாக்கெட் பற்றிக் கவலை வேண்டாம். 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றிலும் துளைகளுக்கு இடையே 75 மிமீதான். 1700லிருந்துதான் 78. அதனால் பெட்டியில் 115எக்ஸ் (1150, 1151, 1155 வகைக்கான) பிராக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாம் மாட்டி, பிரைம்95 போட்டால் 87. எட்டு டிகிரிதான் இறங்கியது. மனசு உடைந்துவிட்டது.

அப்போதுதான் ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. கோர் 87ல் கொதிக்கிறது, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். சோதனையை ஆரம்பித்த ஒரே நொடியில் 40லிருந்து 80க்குத் தாவுகிறது, நிறுத்தினால் அதே வேகத்தில் விழுகிறது. தண்ணீர் அப்படிச் சூடாகாது, அது நிலைக்கு வரவே கால் மணி நேரம் ஆகும். அப்படியென்றால் சூடு தண்ணீருக்கு எளிதாக வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ தடைபடுகிறது.

2011ல் வந்த 2600கே-யில் சிலிக்கானுக்கும் மேலே உள்ள உலோக மூடிக்கும் நடுவே சால்டர் (உருக்கி ஒட்டிய உலோகம்) இருக்கும். 3770கே-யில் அந்த இடத்தில் பேஸ்ட். சிலிக்கானும் 216 சதுர மிமீ-யிலிருந்து 160க்குச் சுருங்கிவிட்டது. சின்ன இடம், அதிகச் சூடு, நடுவில் பேஸ்ட். மூடிக்கு மேல் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் இந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

மூடியைக் கழற்றுவது என்று தீர்மானிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். கத்தி வைத்து அறுக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளிக் கழற்றும் கருவியைப் பயன்படுத்தினேன். பழைய பேஸ்ட்டையும் ஒட்டியிருந்த பசையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு லிக்விட் மெட்டல் பூசினேன். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு சொட்டுகூடச் சிந்தக்கூடாது. 4770கே, 4790கே வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், அவற்றில் சிலிக்கானுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன பாகங்கள் இருக்கும். அவற்றை மூடாமல் பூசவே கூடாது.

இப்போது அதே 4.5க்கு 69 டிகிரி. ஆசைக்காக, ஃபேன் காற்றால் குளிர்விக்கும் என் பழைய டவர் கூலரையும் திரும்ப மாட்டிப் பார்த்தேன். 75 வந்தது! எனக்கு உண்மையில் தேவைப்பட்டது எது என்று அப்போதுதான் தெளிவாயிற்று. மூடியைத் தொடத் துணிச்சல் இல்லையென்றால், பெரிய ரேடியேட்டருக்குச் செலவு செய்யாமல் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி 4.3ல் ஓட்டுங்கள். கேமில் வித்தியாசம் தெரியாது.

*

நண்பரே, எனக்கும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் சூடு நின்ற இடம் வேறு. என்னுடையது ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350. 125 வாட் சிப், அதை 4.6க்கு ஏற்றியிருந்தேன். டவர் கூலரை எடுத்துவிட்டு 240 போட்டதும் சிப் 52 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் கேம் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. வேகத்தைப் பார்த்தால் திடீர் திடீரென்று கீழே விழுகிறது.

காரணம் போர்டில் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம். முன்பு டவர் கூலரின் ஃபேன் அடிக்கும் காற்று அதன் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. லிக்விட் கூலர் வந்ததும் அந்த மூலையில் காற்றே இல்லை, ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. ஒரு 80 மிமீ ஃபேனை அதைப் பார்க்கும்படி கட்டிவைத்தேன், அன்றோடு தீர்ந்தது. பழைய போர்டுகளில் லிக்விட் கூலர் போடுபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்3 பிளஸ், ஏஎம்4 சாக்கெட்டுகள் இரண்டின் துளைகளும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டும் வகை என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

*

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். 2600கே, 4.6 கிகாஹெர்ட்ஸ், சால்டர் உள்ள சிப் என்பதால் லிக்விட் கூலர் நன்றாகவே வேலை செய்தது. ஆறு வருடம். அப்புறம் கணினியைப் போட்டதும் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூடியிட்ட கூலர் என்றாலும் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில் காற்று சேரும். பெரும்பாலானவற்றில் திரும்ப நிரப்ப வழியும் இல்லை.

நான் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் விட்டேன். ஒருநாள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பம்ப் நின்றது. முதலில் படம் மெதுவாகி, பிறகு கணினி தானாகவே அணைந்துவிட்டது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரட்டை டவர் ஏர் கூலர் போட்டிருக்கிறேன், சூடு நான்கு டிகிரி அதிகம். ஏர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். பத்து வருடம் தாண்டிய கணினியில் எனக்கு அந்த நிம்மதிதான் பெரிது.

3770கே நண்பரே, ஒரு கேள்வி: உங்கள் பம்பை எதில் இணைத்திருக்கிறீர்கள்? குழாய்கள் ரேடியேட்டரின் எந்தப் பக்கம்?

*

பம்பை சிபியூ ஃபேன் பின்னில்தான் இணைத்திருக்கிறேன். முதலில் போர்டு சிப்பின் சூட்டைப் பார்த்து வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே இருந்தது, பம்ப் டிக் டிக் என்றது. போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸில் அந்தப் பின்னை முழு வேகத்துக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

குழாய்கள் மேல்பக்கம் இருக்கின்றன. இதுவரை சத்தம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு ரேடியேட்டரைத் திருப்பி, குழாய்கள் கீழே வரும்படி மாட்டப் போகிறேன். காற்று சேர்ந்தாலும் ரேடியேட்டரின் உச்சியிலேயே தங்கட்டும், பம்புக்குள் போகவேண்டாம். குழாயின் நீளம் எட்டுகிறதா என்று இன்று இரவு அளந்து பார்க்கிறேன்.