வெயில் கருமையும் பருக் குழியும்: கெமிக்கல் பீல் அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர், மதுரை

வெயிலில் கருத்துப்போன முகத்துக்கும், பரு ஆறிய பின் தங்கிவிடும் தழும்புக்கும் கெமிக்கல் பீல், அதாவது அமிலம் பூசித் தோலின் மேற்பகுதியை உரியவைக்கும் சிகிச்சை, செய்துகொள்ளலாமா என்று நம்மில் பலர் தனித்தனியே கேட்டு வருகிறார்கள். எனவே செய்துகொண்டவர்களும், செய்துகொள்ளப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த அமிலம், எதற்காக, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்யச் சொன்னார்கள் என்பது தெரிந்தால் போதும். மருத்துவமனை, அழகு நிலையம் ஆகியவற்றின் பெயர் வேண்டாம். "முகம் பளபளவென்று ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதினால் படிப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

லாரி ஓட்டுநர், நாமக்கல்

எங்கள் ஊரில் நெடுங்காலம் லாரி ஓட்டியவர்களின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால், வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கருத்தும் தடித்தும் இருப்பது தெரியும். நம் நாட்டில் ஓட்டுநரின் சன்னல் வலப்பக்கம் இருப்பதே இதற்குக் காரணம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் உறைக்காது என்றுதான் எங்களில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆனால் தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிர்களைத்தான் கண்ணாடி பெருமளவு தடுக்கிறது என்றும், ஆழமாக இறங்கித் தோலின் நெகிழ்ச்சியைக் கெடுக்கும் ஏ கதிர்கள் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிடுகின்றன என்றும் மருத்துவர் விளக்கினார். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் முகப் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. அதை மருத்துவர் எனக்குக் காட்டினார். அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதால் அந்த மனிதருக்கு இடப்பக்க முகம் மட்டும் கிழவருடையதைப் போலத் தொங்கிச் சுருங்கியிருந்தது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்றால் அதே 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது.

போன அன்றே பீல் செய்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மருத்துவர் செய்யவில்லை. இரவில் பூசுவதற்கு ட்ரெட்டினாயின் கிரீமும் பகலுக்குச் சன்ஸ்கிரீனும் கொடுத்து, சில வாரங்கள் கழித்து வரச் சொன்னார். இப்படித் தோலைப் பழக்கிய பிறகு அமிலம் இட்டால் அது எங்கும் ஒரே சீராக இறங்கும் என்றும், பழக்காத தோலில் ஓரிடத்தில் ஆழமாகவும் இன்னோரிடத்தில் மேலாகவும் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும் என்றும் சொன்னார். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிறு காயம் பட்டாலும் நிறமி சுரந்து அந்த இடம் கருத்துவிடும். கருமையைப் போக்கச் செய்யும் சிகிச்சையே புதிய கருமையை உண்டாக்கிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. பீல் நாளுக்குச் சில நாள் முன்பே அந்த இரவு கிரீமை நிறுத்தச் சொன்னார்.

எனக்கு இட்டது 30 சதவீத கிளைகாலிக் அமிலம். கரும்பிலிருந்தும் எடுக்கக்கூடிய இந்த அமிலத்தின் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் அது விரைவாக உள்ளே இறங்கும். தானாக நிற்காது; நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, தோல் சிவந்தவுடன் சோடா உப்புக் கரைசலால் செயலிழக்கச் செய்ய வேண்டும். பூசியபோது எறும்பு கடித்தது போன்ற எரிச்சல் இருந்தது. அருகிலேயே ஒரு சிறு விசிறியை ஓட விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மெல்லிய செதில்களாக உரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று சில அமர்வுகள் ஆன பிறகு, கன்னத்தின் சொரசொரப்பு போய்விட்டது, கருமை பாதிக்கு மேல் குறைந்தது. கண்ணோரச் சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. அது இந்த அளவு அமிலம் எட்டாத ஆழத்தில் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் எனக்கு ஏமாற்றம் இல்லை. ஓர் அமர்வுக்கு ஆன செலவு இரண்டு நாள் பேட்டாவை விழுங்கியது என்பதையும், கத்திரி வெயில் முடியும் வரை அடுத்த அமர்வு கிடையாது என்று மருத்துவர் நிறுத்தி வைத்ததையும் குறிப்பிட வேண்டும்.

கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

நாமக்கல் அண்ணன் எழுதியது வெயில் கருமையைப் பற்றியது. என்னுடையது பருத் தழும்பு. பரு போன இடத்தில் இரண்டு விதமான மிச்சம் இருக்கும்: ஒன்று நிறம், மற்றொன்று பள்ளம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "பீல் செய்தால் தழும்பு போகுமா?" என்று கேட்டால் எந்த மருத்துவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

என் மருத்துவர் என்னை விளக்குக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, கன்னத் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பழுப்புப் புள்ளிகள் மேல்தோலில் தங்கிய நிறமி. இழுத்தால் மறையும் பள்ளங்கள் அகலமானவை. அடியில் நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால் உண்டாகின்றன. இழுத்தாலும் மறையாமல் ஊசியால் குத்தியது போலக் குறுகி ஆழ்ந்திருப்பவை மூன்றாவது வகை. மூன்று வகைக்கும் மூன்று வழி என்றார்.

பழுப்புப் புள்ளிகளுக்கும் அப்போதும் வந்துகொண்டிருந்த பருக்களுக்கும் 30 சதவீத சாலிசிலிக் அமிலம் இட்டார். ஆஸ்பிரின் மாத்திரை ஒவ்வாமை உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா என்று கேட்ட பிறகே புட்டியைத் திறந்தார். இரண்டில் ஒன்று இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது. இது எண்ணெயில் கரையும் அமிலம் என்பதால் எண்ணெய்ப் பசை அடைத்த துளைகளுக்குள் எளிதாக இறங்கும். சாராயக் கரைசல் உலர்ந்ததும் முகம் முழுவதும் மாவு பூசியது போல வெண்மையாகிவிட்டது. தோல் வெந்துவிட்டதோ என்று பதறினேன். அது அமிலம் படிகமாகப் படிந்து நிற்பதுதான் என்றும், அந்த நிலைக்குப் பிறகு அது மேலும் இறங்காது என்றும் சொன்னார். முதல் சில நிமிடங்கள் கடுமையாக எரிந்து, பிறகு அந்த இடமே மரத்துப்போனது. புள்ளிகள் மெதுவாக மங்கின. பள்ளங்களில் எள்ளளவும் மாற்றம் இல்லை.

ஊசிக் குழிகளுக்குச் செய்தது வேறு. ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை, அதாவது டி.சி.ஏ.வை, 65 முதல் 100 சதவீதம் வரையிலான கடும் வலிமையில் எடுத்துக் கூர்மையாகச் சீவிய மரக்குச்சியின் நுனியால் குழியின் அடியில் மட்டும் தொட்டு வைக்கும் முறை அது. 2002இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட இந்த முறைக்குக் கிராஸ் என்று பெயர். முகம் முழுவதும் பூசினால் பெரும் புண்ணாக்கிவிடும் அமிலம், குழியின் அடியை மட்டும் தொடும்போது அங்கே தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக வளரச் செய்கிறது. தொட்ட சில நொடிகளில் அந்தப் புள்ளி வெண்ணிறமானது. பிறகு சிறு பொருக்குக் கட்டி, ஒரு வாரத்தில் உதிர்ந்தது. அந்தப் பொருக்கைப் பிய்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. குழிகளைச் சுற்றிப் பல வாரங்கள் கருமை நின்றது, மாணவிகள் "அம்மையா மிஸ்?" என்று கேட்டார்கள். மாதத்துக்கு ஒன்றாகச் சில அமர்வுகள் முடிந்த பிறகு குழிகளின் ஆழம் குறைந்திருக்கிறது, குழிகள் மறையவில்லை. அகலப் பள்ளங்களுக்கு எந்த அமிலமும் உதவாது, அடியில் உள்ள நார்களை ஊசியால் அறுத்துவிட வேண்டும் என்பதால் அதைத் தனியாகச் செய்யவிருக்கிறார்கள்.

உப்பளத் தொழிலாளியின் மகள், தூத்துக்குடி

என் அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பும் தண்ணீரும் வெளிச்சத்தை வாங்கி முகத்திலேயே திருப்பி அடிக்கும். தலையில் முக்காடு போட்டாலும் கன்னத்துக்கும் மூக்குக்கும் அதனால் பயனில்லை. அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்தது. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஒரு கிரீம் வாங்கிப் பூசத் தொடங்கினார். முதலில் நன்றாக வெளுத்தது. நிறுத்தினால் எரிந்தது, மறுபடியும் பூசினால் அடங்கியது. இப்படியே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தோல் மெலிந்து, சிவந்து, கன்னத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கிய பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன்.

அந்தக் கிரீமில் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் ஆகியவற்றோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. சில வாரங்கள் மட்டும் மருத்துவரின் மேற்பார்வையில் பூச வேண்டிய மருந்து அது. "அம்மாவுக்குப் பீல் செய்ய முடியுமா, டாக்டர்?" என்று நான் கேட்டதும் அந்தப் பெண் மருத்துவர் உறுதியாக மறுத்துவிட்டார். ஸ்டீராய்டு மெலிய வைத்த தோலில் அமிலம் எவ்வளவு ஆழம் போகும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பது முதல் காரணம். நாளை மறுபடியும் உப்பளத்துக்குத்தானே போவார் என்பது இரண்டாவது காரணம். இந்தக் கேள்வியை வேறு யாரும் எங்களிடம் கேட்டதில்லை. பீல் செய்த புதுத் தோல் வெயிலைத் தாங்காது. வேலையை விட முடியாதவருக்குப் பீல் செய்தால் மங்கு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பும் என்றார்.

ஆகவே அம்மாவுக்குப் பீல் நடக்கவே இல்லை. ஸ்டீராய்டைப் படிப்படியாக விடுவித்தார்கள். சாதாரண ஈரப்பசை கிரீமும், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார்கள். மங்குவைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தூண்டுவதால், வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் போதாதாம். அகலமான விளிம்புள்ள தொப்பியை முதலில் அம்மா கூச்சப்பட்டு மறுத்தார். இப்போது அவருடன் வேலை செய்யும் அக்கா ஒருவரும் வாங்கிவிட்டார். முகத்தின் சிவப்பு அடங்கிவிட்டது. மங்கு இருக்கிறது, ஆனால் படரவில்லை.

துணிக்கடை ஊழியர், கோயம்புத்தூர்

என் தங்கைக்கு நிச்சயதார்த்தம் ஆன பிறகு, ஓர் அழகு நிலையத்தில் "பார்ட்டி பீல்" என்று ஒன்றைச் செய்தார்கள். புட்டியில் அமிலத்தின் பெயரும் இல்லை, சதவீதமும் இல்லை. இரண்டு நாளுக்கு முன்புதான் அதே இடத்தில் முகத்துக்கு பிளீச்சும், மேலுதட்டுக்குத் த்ரெட்டிங்கும் செய்திருந்தார்கள். பீல் செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இவை எதுவும் கூடாது என்று பிறகு மருத்துவரிடம்தான் தெரிந்துகொண்டோம். மேலுதட்டிலும் தாடையிலும் கொப்புளித்து, ஆறிய இடம் மீசை வரைந்தது போலக் கருத்துப்போனது. நிலையத்தில் "டாக்ஸின் வெளியே வருகிறது" என்று விளக்கம் சொன்னார்கள்! தோல் மருத்துவர் அதைப் புண் ஆறிய பின் வரும் கருமை என்று சொல்லி, அமிலம் எதையும் தொடாமல், வெயில் காப்பும் மென்மையான கிரீமும் மட்டும் கொடுத்துப் பொறுத்திருக்கச் சொன்னார். திருமணப் படங்களில் அது தெரிகிறது. பல மாதங்களுக்குப் பிறகே மங்கியது.

இதே போன்ற புட்டிகள் இணையக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. மருத்துவ மேற்பார்வை இல்லாமல் இவற்றை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. சதவீதம் மட்டும் தெரிந்தாலும் போதாது என்பதையும் அந்த மருத்துவர் சொன்னார்: ஒரே 30 சதவீத கிளைகாலிக் அமிலம், பி.எச். அளவு குறைந்திருந்தால் (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) பல மடங்கு கடுமையாக வேலை செய்யும்.

செவிலியர், பிரிஸ்பேன்

நான் வேலை செய்யும் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் வெயில் சேதம் என்றால் பொருளே வேறு. வெள்ளைத் தோல் உடையவர்களுக்கு நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் சொரசொரப்பான சிவந்த திட்டுகள் வரும். அவற்றில் சில புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், அழகுக்காக அல்லாமல் நோய்த் தடுப்பாகவே அவர்களுக்குப் பீல் செய்வதுண்டு. முதலில் சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம், ரிசார்சினால் மூன்றும் கலந்த ஜெஸ்னர் கரைசல், அதன் மேல் 35 சதவீத டி.சி.ஏ. பூசுவார்கள்; இதுதான் நடுத்தர ஆழப் பீல். தோல் பனி படர்ந்தது போல வெளுக்கும். இது திருநெல்வேலி அக்கா கண்ட படிகம் அன்று. தோலின் புரதமே உறைந்து போவது. ஒரு வாரத்துக்கு மேல் முகம் வீங்கிப் பழுப்பாக உரியும்.

அவர்களுக்குச் செய்வதைப் பார்த்துவிட்டு ஊரில் உள்ள உறவினர்கள் தங்களுக்கும் அதையே கேட்கிறார்கள். வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் 1975இல் வகுத்த அட்டவணையில் முதலில் வெள்ளைத் தோலுக்கு உரிய வகைகளே இருந்தன. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னர்தான் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கு அல்லது ஐந்து. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நம் தோலில் நடுத்தர ஆழப் பீலை மிகுந்த எச்சரிக்கையோடு செய்யச் சொல்கின்றன. ஃபீனால் கொண்டு செய்யும் ஆழமான பீலை வேண்டாம் என்கின்றன. ஃபீனால் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் என்பதால் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டேதான் அதைச் செய்வார்கள். செய்து முடித்த பின் முகம் நிரந்தரமாக வெளிறிப்போய், தாடையோடு ஒரு கோடு தெரியும். வெள்ளையருக்கே அது மறைக்க வேண்டிய கோடு, நமக்குக் கேட்கவே வேண்டாம்.

மருந்தாளுநர், திருச்சி

மேலே யாரும் குறிப்பிடாத ஒன்று. உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஹெர்பிஸ் கிருமி பீலுக்குப் பிறகு கிளம்பி, உரிந்த தோல் முழுவதும் பரவித் தழும்பாகிவிடக்கூடும். எனவே நடுத்தர ஆழப் பீலுக்கு முன்பே அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்குவார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களும் அதை மறைக்கக் கூடாது.

கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

கோயம்புத்தூர் தங்கையின் திருமணத்தைப் பற்றிப் படித்ததும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. எனக்கு முன்னால் காத்திருந்த ஒரு மணப்பெண்ணை, முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை என்று கேட்டவுடன் என் மருத்துவர் அமிலம் தொடாமலே அனுப்பிவிட்டார். பெண்ணின் தாயார் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னபோதும் அவர் இறங்கி வரவில்லை. மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, வெயிலில் அலைச்சல் இல்லாத மாதமாகப் பார்த்து வரும்படி சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் சன்ஸ்கிரீன் ஒன்றுதான் மருந்து.